பழைய ட்ராக்டர் புல்லிங்: ஃபார்மால் எம் வச்சு எந்த கிளாஸ்ல இறங்கலாம்?

கரிசல்மண்:
வணக்கம் மக்களே. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம், இப்ப அயோவால இருக்கேன். ரொம்ப நாள் ஆசைப்பட்டு ஒரு பண்ணை ஏலத்துல ஃபார்மால் எம் ட்ராக்டர் ஒண்ணு எடுத்திருக்கேன், 1949 மாடல், பெட்ரோல் இன்ஜின், முன் சக்கரம் ரெண்டும் ஒட்டி இருக்குற டைப். இன்ஜின் சத்தம் நல்லாத்தான் இருக்கு, புகை இல்ல, கிளட்ச் பிடிக்குது. இந்தக் கோடைல எங்க கவுண்டி ஃபேர்ல (மாவட்டத் திருவிழா மாதிரி) ஆன்டிக் ட்ராக்டர் புல்லிங் வைக்கிறாங்க, அதாவது பழைய ட்ராக்டர் கனமான ஸ்லெட்ட எவ்வளவு தூரம் இழுக்குதுன்னு போட்டி, அதுல நானே ஓட்டணும்.

தானியம் எடை போடுற எலிவேட்டர்ல, அதாவது தானியக் கிடங்குல, கொண்டு போய் ஏத்தினேன், நான் உக்காந்திருக்க 6380 பவுண்ட் காட்டுது. பின் டயர் ரெண்டுலயும் பழைய ஓனர் கால்சியம் குளோரைடு தண்ணி ரொப்பி வச்சிருக்கார். இப்படியே 6500 பவுண்ட் எடை வரம்பு கிளாஸ்ல போகவா, இல்ல எடைய எறக்கி 5500க்கு வரவா? பக்கத்து ஊர்ல ஒருத்தர் இன்ஜின பெரிசாக்குற 4 இன்ச் பிஸ்டன் ஸ்லீவ் செட் போட்டாதான் ஜெயிக்க முடியும்னு அடிச்சு சொல்றார், அதுக்கு நல்ல செலவு ஆகும் போல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பச்சைமஞ்சள்:
வாங்க தம்பி. நான் இல்லினாய்ஸ், பூர்வீகம் கோபிசெட்டிபாளையம். என்கிட்ட ஜான் டியர் ஏ ஒண்ணும் ஜி ஒண்ணும் இருக்குதுங்க, அதனால ஃபார்மால் மாதிரி சிவப்பு வண்டிக்காரருக்கு நான் சொல்றது கொஞ்சம் உறுத்தலாம், ஆனா எடை விஷயம் எல்லா கலருக்கும் ஒண்ணுதான்.

இன்ஜின்ல கை வைக்காதீங்க. மொதல்ல டயர்ல இருக்குற தண்ணிய எறக்குங்க. எம் சைஸ் டயருக்கு ஒரு பக்கம் 600, 700 பவுண்ட் வரும், ரெண்டும் சேர்ந்தா 1300 கிட்ட. அத எடுத்தீங்கன்னா நீங்க உக்காந்து 5080க்கு வந்துரும். இப்ப 5500 கிளாஸ்ல உங்களுக்கு 420 பவுண்ட் கையில இருக்கு, 6000 கிளாஸ்ல 920 இருக்கு, அத உங்க இஷ்டப்படி எங்க வேணா மாட்டலாம். தண்ணியா இருந்தா அது பின் டயர்லயேதான் கெடக்கும், நகத்த முடியாது, டயரும் வெறப்பாயிரும், வளைஞ்சு குடுத்து மண்ணப் புடிக்காது. அதுலயும் கால்சியம் குளோரைடு ட்யூப்ல ஓட்டை விழுந்து கசிஞ்சா ரிம்ம தின்னுரும். எறக்கும்போது ரிம் உள்பக்கம் துரு எவ்வளவுன்னு பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, ஒரே வண்டிய ரெண்டு கிளாஸ்ல ஓட்டலாம். காலைல 5500 ஓட்டிட்டு, 500 பவுண்ட் இரும்ப மாட்டி மத்தியானம் 6000 ஓட்டுவாங்க. ஒவ்வொரு ஹூக்குக்கும், அதாவது ஒவ்வொரு ஓட்டத்துக்கும், தனி கட்டணம், அவ்வளவுதான். இங்க பாதிப் பேரு அப்படித்தான் பண்றோம்.

டெல்டாக்காரன்:
அண்ணே நான் மன்னார்குடி, ஊர்லதான் இருக்கேன், வீட்ல டாஃபே 1035 ஓடுது. நீங்க பேசுறது யூட்யூப்ல பஞ்சாப்காரங்க ரெண்டு ட்ராக்டர பின்னாடி பின்னாடி கட்டி இழுப்பாங்களே அதுவா? முன் சக்கரம் ஆகாசத்துல தூக்கும், அதுவா? எடை கிளாஸ்னா என்ன, யாரு எத இழுக்குறாங்க, கொஞ்சம் புரியுற மாதிரி சொல்லுங்க.

ஒஹையோஅக்கா:
தம்பி, அந்தப் போட்டிக்கு தோச்சன்னு பேரு, இது வேற. அதுல எடைக்கு எடை சரிபாக்குறது இல்ல, தூக்கினா திருப்பிப் போடாம தடுக்க பின்னாடி கம்பி இல்ல, ஜனங்க பக்கத்துலயே நிப்பாங்க. 2023 அக்டோபர்ல பஞ்சாப்ல ட்ராக்டர் ஸ்டன்ட் பண்ணின ஒருத்தர் அதே ட்ராக்டர்ல சிக்கி செத்த பிறகு அந்த அரசாங்கமே ட்ராக்டர் ஸ்டன்ட்டுக்கு தடை போட்டுச்சு. ரெண்டையும் ஒண்ணா பேசாதீங்க, எனக்கு மனசு கேக்கல.

இங்க என்னன்னா, ட்ராக்டருக்குப் பின்னாடி ஒரு ஸ்லெட் இருக்கும். நீளமா, லாரி ட்ரெய்லர் மாதிரி. அதோட பின்பக்கம் சக்கரம் இருக்கு, முன்பக்கம் சக்கரம் கிடையாது, ஒரு பெரிய இரும்புத் தட்டு தரையில படுத்திருக்கும். மேல தண்டவாளம் மாதிரி ரெண்டு சட்டம், அதுல எடைப் பெட்டி. கிளம்பும்போது பெட்டி பின்சக்கரத்துக்கு மேல இருக்கும், அதனால இழுக்க லேசா இருக்கும். ஸ்லெட் உருள உருள அந்தச் சக்கரத்துல இருந்தே கியர், செயின் வழியா பெட்டி முன்னாடி ஏறி வரும். முன்னாடி வர வர எடை எல்லாம் தட்டு மேல இறங்கி தட்டு மண்ணுல அமுங்கும். ஒவ்வொரு அடிக்கும் இழுவை கூடிக்கிட்டே போகும். ஒரு கட்டத்துல ட்ராக்டர் நின்னுரும், இல்ல சக்கரம் சும்மா சுத்தும். நின்ன இடம் வரைக்கும் எத்தன அடின்னு லேசர் வச்சு அளப்பாங்க, அடிக்கு நூத்துல ஒரு பங்கு வரைக்கும் எழுதுவாங்க. 300 அடி போனா ஃபுல் புல்.

மொத காலத்துல பெட்டி எல்லாம் இல்ல. தடம் ஓரமா ஆளுங்க வரிசையா நிப்பாங்க, ஸ்லெட் அவங்களத் தாண்டும்போது ஒவ்வொருத்தரா அது மேல ஏறிக்குவாங்க. மோட்டார் வண்டில போட்டின்னு நடந்த முதல் பதிவு 1929ல, மிசௌரி பௌலிங் கிரீன்லயும் எங்க ஒஹையோவுல வான்ஸ்வில்லிலயும். அதுக்கு முந்தி குதிரைங்கதான் இழுத்துச்சு.

எடை கிளாஸ் ஏன்னா 4000 பவுண்ட் வண்டியையும் 7000 பவுண்ட் வண்டியையும் சேத்து விட்டா பெரிசு ஜெயிக்கும், அதுல என்ன இருக்கு. அதனால 500, 500 பவுண்டா பிரிச்சிருக்காங்க. டிரைவரையும் சேத்துதான் எடை, ஒரு பவுண்ட் கூடினாலும் மேல் கிளாஸுக்குப் போகணும். ஆன்டிக்னா எந்த வருஷம் வரைக்கும்ங்கிறது கிளப்ப பொறுத்தது, சில இடத்துல 1957 வரைக்கும், சில இடத்துல 1960 வரைக்கும்.

நான் மாமனார் பண்ணைல இருந்த அல்லிஸ் சால்மர்ஸ் டபிள்யூடி 45 ஓட்டுறேன். மாமனார் அத உழவுக்கு வாங்கினது, அவர் கைரேகை படாத போல்ட் அதுல இல்ல.

டெல்டாக்காரன்:
அக்கா இப்ப நல்லா வெளங்குச்சு. பெட்டி முன்னாடி ஏறி வர்றது அருமை. எங்க சொந்தக்காரங்க ஒங்கோல் பக்கம் இருக்காங்க, அங்க காளை ஜோடிய வச்சு பெரிய கல்ல இழுக்க விடுவாங்க. அங்கயும் பிரிவு இருக்கு ஆனா எடைல இல்ல, பல்லுல. ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லுன்னு பிரிச்சு, வயசுக்குத் தகுந்த கல்லு. குதிரைல ஆரம்பிச்சதுன்னு சொன்னதும் அதான் ஞாபகம் வந்துச்சு.

லிங்கன்வாசி:
கரிசல்மண், ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், இது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

நீங்க இழுக்கும்போது முன் சக்கரத்துல இருக்குற எடை பின் சக்கரத்துக்கு மாறும். எவ்வளவு மாறும்னா, இழுவைய ஹிட்ச் (ட்ராக்டர் பின்னாடி ஸ்லெட் செயின் மாட்டுற இடம்) உயரத்தால பெருக்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தால வகுக்கணும். எம்முக்கு அந்த தூரத்த சுமாரா 90 இன்ச்னு வச்சுக்கோங்க. ஹிட்ச் 20 இன்ச் உயரம். 4500 பவுண்ட் இழுவைல நீங்க இருக்கீங்கன்னா 4500 பெருக்கல் 20 வகுத்தல் 90, சரியா 1000 பவுண்ட். அதாவது முன்னாடி நின்ன எடைல 1000 பவுண்ட் பின்னாடி போயிருச்சு, அதுவும் உங்களுக்கு பிடிமானமா வேலை செய்யும்.

முன் சக்கரத்த மட்டும் எடைமேடைல நிறுத்தி எவ்வளவுன்னு பாருங்க. 1000க்கு கம்மின்னா இழுக்கும்போது முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் கைல இருக்காது. 2000 இருந்தா கடைசி நேரத்துல 1000 பவுண்ட் முன் டயர் மேல சும்மா உக்காந்திருக்கு, அந்த எடைய வச்சு நீங்க கிளாஸ் லிமிட்டத்தான் ரொப்பினீங்க, இழுக்கல. நிக்கப் போற நேரத்துல முன் டயர் தரையத் தொட்டும் தொடாம வந்தா அதுதான் கச்சிதம்.

செயின் ஸ்லெட் பக்கம் கீழ சரிஞ்சு போகும், ஆடும், குலுங்கும், அதனால கணக்குல வர்றதுக்கு மேல ஒரு 200, 300 பவுண்ட் கூட வச்சுக்கணும்.

கரிசல்மண்:
@லிங்கன்வாசி சார், ரொம்ப நன்றி. தண்ணிய எறக்கிட்டேன். பச்சைமஞ்சள் அண்ணன் சொன்ன மாதிரியே 5080 வந்துச்சு, ஒரு பக்கம் ரிம்ல வால்வு ஓட்டை சுத்தி துரு தின்னு இருக்கு, வெல்டிங் வைக்கணும். முன் சக்கரம் மட்டும் ஏத்தினா 1520.

அப்படின்னா ஹிட்ச்ச இன்னும் உயரமா வச்சா எடை இன்னும் பின்னாடி வருமே, ஏன் 20 இன்ச்லயே நிறுத்தணும்?

ஒஹையோஅக்கா:
கூடாது. கிளப் ரூல்ல 20 இன்ச்னு இருந்தா 20, 18னு இருந்தா 18, அத அளந்துதான் உள்ள விடுவாங்க. அது ஏன்னு தெரிஞ்சுக்கங்க. ஹிட்ச் பின் அச்சோட நடுவுக்கு கீழ இருக்குற வரைக்கும் வண்டி தூக்கினா ஹிட்ச்சும் சேந்து கீழ இறங்கும், இழுவை குறையும், வண்டி தானா அடங்கும். அச்சுக்கு மேல கட்டினா தூக்கத் தூக்க இன்னும் இழுத்துத் திருப்பிப் போடும். ஒரு செகண்ட் கூட ஆகாது, காலு கிளட்சுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுரும். பண்ணைல மரத்து வேர இழுக்குறேன்னு டாப் லிங்க்ல, அதாவது அச்சுக்கு மேல இருக்குற இணைப்புல, செயின் மாட்டி செத்தவங்க எத்தனையோ பேரு.

வீலி பார் கட்டாயம். பின்னாடி நீட்டிக்கிட்டு ரெண்டு கம்பி, அதுல தட்டோ சின்னச் சக்கரமோ. வண்டியோட மொத்த எடையையும் தாங்கணும், செக் பண்றவர் ஜாக்கி வச்சு அதுலயே வண்டியத் தூக்கிப் பாப்பாரு. பழைய தகடுல பேருக்கு ஒட்டிக்கிட்டு வராதீங்க. கில் சுவிட்ச் உங்க டிவிஷன்ல கேக்குறாங்களோ இல்லையோ மாட்டிருங்க, பின்னாடி கயிறு இழுத்தா இக்னிஷன் கட் ஆகணும்.

பச்சைமஞ்சள்:
லிங்கன்வாசி சொல்ற கணக்கு பேப்பர்ல சரிங்க, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். அவர் 1520ல 1000 போனா 520 மிச்சம், அதனால இருக்குற 420ஐ பின்னாடி போடுன்னு சொல்லப் போறார். நான் 420ஐயும் முன்னாடி மாட்டுன்னு சொல்வேன். நல்லா இறுகின தடத்துல, பட்டை ஓரத்த கூரா வெட்டின டயர் வச்சு, எடைக்குச் சமமாவே இழுவை வரும், மேல கூட போகும். 5500 பவுண்ட் இழுத்தா 1200க்கு மேல மாறிருது, கூட செயின் கீழ இழுக்குறது, குலுங்குறது. மொதத் தடவ ஓட்டுற ஆளுக்கு முன்பக்கம் தூக்கினா பயந்து த்ராட்டில விட்டுருவாங்க, அங்கயே 50 அடி போச்சு.

லிங்கன்வாசி:
அண்ணே வெட்டின டயர் இருந்தாதானே. அவர்கிட்ட இருக்குறது உழவு டயர், பட்டை முனை மழுங்கி இருக்கும். அதுல எடைக்குச் சமமா இழுவை வராது. நெப்ராஸ்கா டெஸ்ட் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க, 1920ல இருந்து லிங்கன்ல பல்கலைக்கழகத்துல ஒவ்வொரு மாடலையும் தனித்தனியா ஓட்டி ட்ராபார் (பின்னாடி இழுக்குற கம்பி) இழுவை அளந்திருக்காங்க. அதுக்கு முந்தின வருஷம் வந்த சட்டம் அது, கம்பெனிக்காரங்க சொன்ன ஹார்ஸ்பவர நம்பி வாங்கி ஏமாந்த வில்மட் க்ரோசியர்ங்கிற விவசாயி சட்டசபைக்குப் போய்க் கொண்டு வந்தது. டெஸ்ட் எடுக்காத ட்ராக்டர அந்த மாநிலத்துல விக்க முடியாதுன்னு ஆச்சு. நம்ம கையில இருக்குற எம்மோ ஏவோ எவ்வளவு இழுக்கும்னு யாரும் வாய்ல சொன்னத நம்ப வேண்டியதில்ல, அளந்து வச்சிருக்காங்க. அந்த இடத்துலயே இப்ப மியூசியம் இருக்கு, வந்தா பாருங்க.

நான் சொல்றது இவ்வளவுதான்: பிராக்கெட்ட முன்னாடியும் பின் சக்கரத்துலயும் ரெண்டு பக்கமும் வச்சுக்கோங்க, எடைய நகத்துற மாதிரி. மொத ஓட்டத்த பக்கவாட்டுல நின்னு யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்க. முன் டயர் கடைசி வரைக்கும் மண்ணுல அழுந்தி இருந்து பின் டயர் சுத்தினா எடை பின்னாடி போகணும். தூக்கி ஸ்டியரிங் போச்சுன்னா முன்னாடி வரணும். நானும் அண்ணனும் இங்க எழுதுறத விட அந்த வீடியோ சரியாச் சொல்லும்.

இண்டியானாஇரும்பு:
எல்லாரும் எடை எடைன்னு பேசுறீங்க, இன்ஜின் ஒண்ணுமே இல்லங்கிற மாதிரி. நான் ஒத்துக்கல. எம் 248 க்யூபிக் இன்ச், 4 இன்ச் பிஸ்டன் போட்டா 264 ஆகுது, சூப்பர் எம்ல கம்பெனியே போட்டது அதுதான். அது ஒண்ணும் ஏமாத்து வேலை இல்ல. எதிர்ல ஜான் டியர் ஜி நிக்குது, 412 க்யூபிக் இன்ச், ரெண்டே சிலிண்டர், அதுக்கு 975 ஆர்பிஎம்ல வர்ற டார்க், அதாவது சுழற்றுற விசை, எம்முக்கு எங்க இருந்து வரும்? மின்னியாபொலிஸ் மோலின் ஜி 403. இதுங்க கூட நிக்கணும்னா ஏதாவது பண்ணித்தான் ஆகணும்.

பச்சைமஞ்சள்:
ஜி வச்சிருக்கவன்ங்கிற முறைல சொல்றேன், ஜி ஜெயிக்கிறது அதோட டார்க்கால மட்டும் இல்லைங்க. ஃப்ளைவீல் கனம், மெதுவா சுத்துற இன்ஜின், இழுவை ஏற ஏற ஆர்பிஎம் எறங்கினாலும் மூச்சு விடாம ஒவ்வொரு வெடியா வெடிச்சு இழுத்துக்கிட்டே வரும். அந்த சத்தத்துக்காகவே நான் ஞாயித்துக்கிழமை தூக்கத்த விட்டு 100 மைல் ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போவேன். ஆனா ஜியே கனமான வண்டி, 5500ல அதுக்கு நகத்துறதுக்கு எடை மிச்சம் இருக்காது. தம்பியோட எம்முக்கு 420 பவுண்ட் மிச்சம் இருக்குது. அந்த கிளாஸ்ல அதுதான் அவரோட பலம்.

இன்ஜின மாத்தாத ஸ்டாக் கிளாஸ்ல பெரும்பாலான வண்டிங்க பவர் பத்தாம நிக்கிறது இல்ல. டயர் சுத்தித்தான் நிக்கும். சுத்துற டயருக்கு இன்னும் 5 ஹார்ஸ்பவர் குடுத்தா இன்னும் வேகமா சுத்தும், அவ்வளவுதான். இன்ஜின் மூச்சடைச்சு நிக்கிற நெலமைக்கு வண்டி வந்த பெறகு பிஸ்டன பத்தி யோசிக்கட்டும். அது வரைக்கும் அந்தப் பணத்துல நல்ல டயர் வாங்கட்டும்.

இண்டியானாஇரும்பு:
டயர் சுத்தி நிக்குதா இன்ஜின் நிக்குதான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்ங்கிறது நியாயம். அத நான் ஏத்துக்கறேன். ஆனா டயர் வெட்டுறதப் பத்தியும் சொல்லிருங்க, அதுல நெறைய பேரு நல்ல டயர நாசம் பண்றாங்க.

பச்சைமஞ்சள்:
ஆமாங்க. டயர் பட்டையோட முன் ஓரம், மண்ணுக்குள்ள மொதல்ல இறங்குற பக்கம், அது கூர்மையா இருக்கணும். உழவுல ஓடின டயர்ல அந்த ஓரம் உருண்டு போயிருக்கும். சூடான வெட்டுக்கருவி வச்சு அந்த ஓரத்த சீவி நேராக்குவாங்க. எவ்வளவு சீவலாம், சீவலாமா கூடாதாங்கிறது டிவிஷனுக்கு டிவிஷன் மாறும். உங்க கிளப் ரூல் புத்தகத்தப் படிக்காம கத்தி எடுக்காதீங்க. நெறைய ஆன்டிக் கிளாஸ்ல ரேடியல் டயரே கூடாது, சைஸுக்கும் லிமிட் உண்டு.

காத்து: எங்க பக்கம் 12ல இருந்து 16 பவுண்ட் வரைக்கும் வைப்போம். கம்மியா வச்சா பட்டை பரவலா மண்ணத் தொடும், ஆனா ரொம்பக் கம்மியானா டயர் ரிம் மேல வழுக்கி ட்யூப் வால்வு பிச்சுக்கிட்டு வந்துரும். ஓட்டுறதுக்கு முந்தி டயர்லயும் ரிம்லயும் சேத்து சாக்பீஸால ஒரு கோடு போட்டு வைங்க. ஓட்டி முடிச்சதும் ரெண்டு கோடும் நேரா இருக்குதான்னு பாருங்க. வெலகி இருந்தா அடுத்த ஓட்டத்துக்கு 2 பவுண்ட் ஏத்திக்கோங்க.

கரிசல்மண்:
அருமை அண்ணே. எங்க கிளாஸ்ல வேகம் மணிக்கு 3 மைலுக்குள்ளனு ரூல் இருக்கு. எம்ல எந்த கியர்?

ஒஹையோஅக்கா:
எம்முக்கு மொத கியர் 2.6 மைல், ரெண்டாவது 3.5, மூணாவது 4.25. 3 மைல் லிமிட்னா மொத கியர்தான், வேற வழியே இல்ல. 4 மைல் இருந்தா ரெண்டாவத யோசிக்கலாம், தடம் இளகி இருந்தா வேகம் கொஞ்சம் உதவும், இறுகி இருந்தா உதவாது.

கிளம்புறத பத்தி யாரும் சொல்லலையே. ஹூக் பண்றவர் செயின மாட்டினதும் மெதுவா நகந்து செயின இறுக்குங்க, தொய்வு இல்லாம இறுகினதும் நில்லுங்க. பச்சைக்கொடி வந்ததும் கிளட்ச நிதானமா விட்டு, பூரா விட்ட பிறகு த்ராட்டில முழுசாத் திறங்க. வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, ரூல்படியும் கூடாது, 75 வயசு பின் அச்சும் பல்சக்கரமும் அத தாங்காது. கிளட்ச பாதில வச்சு வழுக்க விடாதீங்க. அப்புறம் கையையும் காலையும் அதுங்க இடத்துல வச்சுட்டு நேராப் பாருங்க, பின்னாடி திரும்பி ஸ்லெட்டப் பாக்காதீங்க. செவப்புக் கொடி வந்தா அந்த நொடி நிறுத்திரணும்.

தடத்த நடந்து பாருங்க, காலைலயே. எந்த ஓரம் ஈரம் பிடிச்சு இறுகி இருக்கு, எங்க பொடியா இருக்குன்னு காலாலயே தெரியும். உங்களுக்கு முன்னாடி ஓட்டினவங்க எந்த எடத்துல தோண்டிட்டுப் போனாங்கன்னு பாத்து அதுக்கு ஒரு அடி தள்ளி உங்க கோட்ட எடுங்க. மொத ஆளா உங்க நம்பர் வந்தா பதறாதீங்க, பல கிளப்புல மொத ஆளுக்கு அந்த தூரத்த வச்சுக்கவா, கடைசில மறுபடி ஓட்டவான்னு கேப்பாங்க.

டெல்டாக்காரன்:
அக்கா எங்க 1035 அங்க வந்தா எந்த கிளாஸ்ல நிக்கும்? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

ஒஹையோஅக்கா:
உங்க 1035ஓட வம்சம் மாஸி ஃபெர்குசன் 35, அது இங்க லேசான கிளாஸ்ல வரும் தம்பி, பாத்திருக்கேன். அதுல பெர்கின்ஸ் மூணு சிலிண்டர் டீசல் போட்டதுக்கு இழுவை நல்லாவே இருக்கும். ஆனா கீழாக உக்காந்திருக்குற வண்டி, சின்ன டயர், அதுக்குத் தகுந்த எடைல ஓட்டணும். உங்களோடது வருஷக் கணக்குல ஆன்டிக் கிளாஸுக்கு வராது.

கரிசல்மண்:
ஃபேர் முடிஞ்சுது மக்களே. விவரமா எழுதுறேன், இதே வண்டி வச்சிருக்குற வேற யாருக்காவது உதவும்.

5500ல 16 வண்டி. பழைய பார்பெல் தட்டு வாங்கி ராடுல கோத்து நட்டு போட்டு இறுக்கினேன், முன்னாடி 300, பின் சக்கரத்துல 110. எடைமேடைல 5490. செக் பண்றவர் ஒவ்வொரு தட்டையும் கையால ஆட்டிப் பாத்தார், ஓட்டத்துல ஒண்ணு விழுந்தாலும் அந்த ஓட்டம் செல்லாதுன்னார். வீலி பார்ல ஜாக்கி வச்சுத் தூக்கினார், அக்கா சொன்ன மாதிரியே.

5500ல 231 அடி போச்சு. கடைசி 30 அடில இன்ஜின் சத்தம் மாறவே இல்ல, இன்ஜின் வேகத்த சீரா வைக்கிற கவர்னர் திறந்து அப்படியே பிடிச்சு நிக்குது, பின் டயர் மட்டும் குழி தோண்டிட்டு நின்னுருச்சு. மனைவி வீடியோ எடுத்தா, அதுல முன் டயர் மண்ண விட்டு எந்திரிக்கவே இல்ல. அழுந்திக்கிட்டேதான் வருது. உடனே 6000க்கு முன்னாடி இருந்த 300ல 200ஐ கழட்டி பின் சக்கரத்துக்குக் கொண்டு போயிட்டேன், புதுசா ஏத்தின எடையையும் பாதிக்கு மேல பின்னாடியே போட்டேன். அந்த கிளாஸ்ல 264 அடி, ஆறாவது இடம். கடைசில முன் டயர் ஒரு நாலு இன்ச் எந்திரிச்சு அப்படியே மிதந்து வந்துச்சு, ஸ்டியரிங் லேசாயிருச்சு, கைல ஒண்ணும் இல்லாத மாதிரி. நெஞ்சு அடிச்சுது ஆனா த்ராட்டில விடல.

சாக்பீஸ் கோடு இடது பக்கம் ஒரு இன்ச் வெலகி இருக்கு. 13 பவுண்ட் காத்து வச்சிருந்தேன்.

பச்சைமஞ்சள்:
சபாஷ் தம்பி! த்ராட்டில விடலன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு சந்தோஷம். லிங்கன்வாசி கணக்கு உங்க டயருக்கு சரியா வந்திருச்சு, உழவு டயர்ல இருக்குற வரைக்கும் அப்படியே ஓட்டுங்க. டயர் மாத்தினா மறுபடியும் முன் எடைய ஏத்தணும், ஞாபகம் வைங்க, அப்ப இழுவை கூடும்.

இடது பக்கம் மட்டும் வெலகினதுக்கு காரணம் தேடுங்க. அந்த ரிம்லதான வெல்டிங் வச்சீங்க? உள்ள துரு, பெயிண்ட் செதில் எல்லாம் சுரண்டி டயர் உக்கார்ற எடத்த சுத்தம் பண்ணினா பிடிக்கும். அது வரைக்கும் 15 வைங்க.

லிங்கன்வாசி:
வாழ்த்துகள். அந்த 6000 ஓட்டத்துல முன் சக்கர எடை எவ்வளவுன்னு எலிவேட்டர்ல ஒரு தடவ போட்டு எழுதி வைங்க. அதே எண்ண வச்சு 5500க்கு பின்னோக்கி வரலாம்.

இண்டியானாஇரும்பு:
டயர்தான் நின்னுச்சு, இன்ஜின் நிக்கலங்கிறது தெளிவாத் தெரியுது. பிஸ்டன் செட்ட நானும் இப்ப வேணாம்ங்கிறேன். ஆனா பிளக், பாயின்ட், கார்புரேட்டர் மெயின் ஜெட் மூணையும் பாருங்க, லோடுல கருப்புப் புகை வந்துச்சான்னு அந்த வீடியோலயே தெரியும்.

கரிசல்மண்:
கருப்புப் புகை லேசா இருக்கு அண்ணே, கிளம்பின உடனே, அப்புறம் தெளிஞ்சுருச்சு. ரிம்ம இந்த வாரமே கழட்டுறேன். அக்கா, தொழிலாளர் தின வாரக்கடைசில எங்க அயோவால மவுண்ட் ப்ளெசன்ட்ல நடக்குற ஓல்ட் த்ரெஷர்ஸ் பழைய இயந்திரத் திருவிழாவுக்கு வர்றீங்களா? நான் குடும்பத்தோட போறேன்.

ஒஹையோஅக்கா:
அது எங்களுக்கு தூரம், அந்த வாரம் அறுப்பு வேலை ஆரம்பிச்சுரும். ஆகஸ்ட்ல எங்க ஒஹையோ பௌலிங் கிரீனுக்கு வாங்க, மிசௌரில இருக்குறது இல்ல, 1967ல இருந்து நடக்குற நேஷனல் சாம்பியன்ஷிப், பெரிய மோட்டார் வண்டிங்க எல்லாம் வரும், காது அடைச்சுக்க மறக்காதீங்க, குழந்தைங்களுக்கு கண்டிப்பா. வீட்ல தங்கிக்கலாம், ட்ரெய்லர் நிறுத்த எடம் இருக்கு. எம்மையும் கூட்டிட்டு வந்தீங்கன்னா மாமனார் கார்புரேட்டரப் பாத்துக் குடுப்பார்.